விரைவு மட்டும் போதுமா?

வலையமைப்புப் போர்முறை பற்றிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் திறனாய்வு

சில கட்டுரைகளைப் படித்தவர்களைவிட அவற்றை எடுத்துச் சொல்பவர்களே மிகுதி. 1998 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் 'புரொசீடிங்ஸ்' என்னும் திங்களிதழில் வெளிவந்த ஒரு கட்டுரை அத்தகையது. அதை எழுதியவர்கள் வைஸ் அட்மிரல் ஆர்தர் செப்ரௌஸ்கியும் ஜான் கார்ஸ்ட்காவும் ஆவர். வலையமைப்பை மையமாகக் கொண்ட போர்முறை, அதன் தோற்றம், அதன் எதிர்காலம் என்பதே கட்டுரையின் பொருள். கால் நூற்றாண்டு கடந்த பின்னும் பல நாட்டுப் படைகள் அக்கட்டுரையின் சொற்களிலேயே பேசி வருகின்றன. நம் நாட்டுப் படைகளும் அதற்கு விலக்கல்ல.

போர்முறை பற்றிய கட்டுரைக்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. அக்கட்டுரை நிற்கும் அடித்தளம் இயற்பியலும் கணிதமும். அந்த அடித்தளம் உறுதியானதா என்று பார்க்கப் பிளஸ் டூ படித்த மாணவனாலும் முடியும். மேலும், படையின் செய்தித் தொடர்பு வீரர் என்ற ஒரு தொழிலின் தலையெழுத்தை அது பேசுகிறது. நம் கிராமங்களிலிருந்து படையில் சேரும் இளைஞர்கள் பலரும் நாளை அந்த வேலைக்குப் போகக்கூடியவர்கள். அவர்கள் எதைக் கற்க வேண்டும், எதை மறக்கலாம் என்பது சிறிய கேள்வியன்று.

கட்டுரை சொல்வது என்ன?

முதலில் கட்டுரையாசிரியர்களின் வாதத்தை நேர்மையாகச் சுருக்கிக் காண்போம். முற்காலத்தில் படையின் வலிமை கப்பல், விமானம், பீரங்கி வண்டி ஆகிய தனித்தனிக் கருவிகளில் இருந்தது. இனி அது அக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பில் இருக்கும். ஒரு கப்பலின் ராடார் கண்டதை எல்லாக் கப்பல்களும் அக்கணமே காணும். எல்லோரிடமும் ஒரே படம் இருப்பதால், மேலிருந்து ஒவ்வொரு கட்டளைக்கும் காத்திராமல் கீழ்நிலைப் பிரிவுகள் தாமாகவே ஒத்திசைந்து இயங்கும். முடிவெடுக்கும் விரைவு பன்மடங்காகும். பகைவன் ஓரடி எடுத்து வைப்பதற்குள் நாம் மூன்றடி வைத்திருப்போம்.

இதற்குச் சான்றாக அவர்கள் வணிக உலகத்தைக் காட்டுகிறார்கள். வால்மார்ட் என்னும் பெரும் அங்காடி நிறுவனத்தில் ஒரு பொருள் விற்றவுடனே அச்செய்தி அதைத் தயாரிப்பவருக்குப் போய்விடுகிறது. அதனால் சரக்கு தேங்குவதுமில்லை, தீர்ந்துபோவதுமில்லை. படைத்துறையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார்கள். தைவான் நீரிணையில் நெருக்கடி மூண்டபோது அமெரிக்க ஏழாவது கப்பற்படையின் தலைமை, மின்னஞ்சலையும் காணொலிக் கூட்டத்தையும் பயன்படுத்தி, நாட்கணக்கில் நடந்த திட்டமிடலை மணிக்கணக்கில் முடித்தது என்கிறார்கள்.

கட்டுரையில் பாராட்டத்தக்க பகுதிகள் உள்ளன. கருவியை மட்டும் வாங்கிக் குவித்தால் போதாது, படையின் அமைப்பும் பயிற்சியும் அதனுடன் சேர்ந்து மாற வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. தொழில்நுட்பத் திறன் பெற்றவர்களைப் படைகள் உரிய முறையில் மதிப்பதில்லை என்ற குறையையும் எடுத்துச் சொல்கிறது. செய்தித் தொடர்பு வீரரைப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் உதவியாளராகக் கருதிய காலத்தில், அவரைப் போரின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது இக்கட்டுரையின் பெருமை. அதை மறுப்பதற்கில்லை.

யார் இந்தச் செய்தித் தொடர்பு வீரர்?

நம் தரைப்படையின் செய்தித் தொடர்புப் பிரிவாகிய 'கோர் ஆஃப் சிக்னல்ஸ்' 1911 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் அதன் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. குடியரசு நாள் அணிவகுப்பில் ஒரே மோட்டார் சைக்கிளின் மேல் பலர் ஏறி நின்று செல்லும் சாகசத்தைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். அந்த 'டேர்டெவில்ஸ்' குழு இப்பிரிவைச் சேர்ந்தது. அந்தச் சாகசம் வெறும் வேடிக்கையாகப் பிறந்ததன்று. கம்பியும் வானொலியும் எட்டாத இடத்திற்கு மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டு சென்ற தூதுவர்களின் மரபு அது.

அக்காலத்தில் இப்பிரிவின் பணிகள் எளிதில் பிரித்தறியத்தக்கவை. ஒருவர் கம்பி இழுப்பார். ஒருவர் மோர்சுப் புள்ளியும் கோடும் தட்டுவார். ஒருவர் செய்தியை மறைகுறியாக மாற்றுவார். ஒருவர் அதைச் சுமந்து செல்வார். இன்று அவ்வேலைகளில் பெரும்பகுதியை இயந்திரம் செய்கிறது. விமானப்படையின் 'ஆஃப்நெட்' என்னும் ஒளியிழை வலையமைப்பு 2010 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. கடற்படைக்கென 2013 ஆகஸ்டில் ஜிசாட்-7, விமானப்படைக்கென 2018 டிசம்பரில் ஜிசாட்-7ஏ ஆகிய செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. கப்பல்களின் ஆபத்துக்கால மோர்சு முறை 1999 பிப்ரவரியில் உலகெங்கும் ஓய்வு பெற்றது. நம் நாட்டு அஞ்சலகங்களில் கண்ட தந்தியும் 2013 ஜூலையோடு முடிவுக்கு வந்தது.

அப்படியானால் அந்த வீரரின் வேலை போய்விட்டதா? செப்ரௌஸ்கியும் கார்ஸ்ட்காவும் போகவில்லை, உயர்ந்துவிட்டது என்கிறார்கள். அது உண்மையே. ஆனால் எவ்வாறு உயர்ந்தது என்பதில்தான் அவர்களுடைய விளக்கம் குறைபடுகிறது. அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்குறை: கணக்கு

வலையமைப்பின் பயன், அதிலுள்ள முனைகளின் எண்ணிக்கையின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பது மெட்காஃப் விதி. கட்டுரை இவ்விதியின் மீது சாய்ந்து நிற்கிறது. விதியின் பின்னுள்ள கணக்கு எளிது. 100 தொலைபேசிகள் இருந்தால் அவற்றுக்கிடையே 4,950 இணைகள் உண்டு. 1,000 தொலைபேசிகள் இருந்தால் 4,99,500 இணைகள். முனைகள் பத்து மடங்கானால் இணைகள் ஏறத்தாழ நூறு மடங்காகின்றன.

ஆனால் எல்லா இணைகளுக்கும் ஒரே மதிப்பு என்று யார் சொன்னது? உங்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஆயிரம் பேருக்குப் பேச முடியும். நீங்கள் பேசுவதோ பத்துப் பதினைந்து பேரிடம். இதைச் சுட்டிக்காட்டி 2006இல் பிரிஸ்கோ, ஒட்லிஸ்கோ, டில்லி ஆகிய மூவர் மெட்காஃப் விதியை மறுத்தார்கள். பயன் இருமடியாகப் பெருகுவதில்லை. எண்ணிக்கையை அதன் மடக்கையால் பெருக்கிய அளவில்தான் அது பெருகும் என்பது அவர்கள் வாதம். அதன்படி 100 முனைகள் 1,000 ஆனால் பயன் நூறு மடங்காகாது, 15 மடங்குதான் ஆகும். தாளில் பென்சிலால் கணக்கிட்டுப் பாருங்கள்.

நூறுக்கும் பதினைந்துக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு செய்தித் தொடர்பு வீரருக்கு மிக முக்கியம். இணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் படை, அவரை இணைப்பு வேலைக்கு மட்டும் பயன்படுத்தும். எந்த இணைப்பு உயிரானது, எது வெறும் இரைச்சல் என்று பிரித்தறியும் வேலையும் அவருடையது என்பதை மறந்துவிடும்.

இரண்டாங்குறை: கடல்நீர்

வலையமைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் தாளில் புள்ளிகளை வரைந்து கோடுகளால் இணைக்கிறோம். தாளில் கோடு போட எவ்வித இயற்கை விதியும் தடை செய்வதில்லை. மெய்யான உலகில் ஒவ்வொரு கோடும் காற்றையும் மலையையும் நீரையும் கடந்து செல்ல வேண்டும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே அருமையான எடுத்துக்காட்டு உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' என்னும் கடற்படை நிலையம் இயங்கி வருகிறது. பெயரில் கப்பல்போல் ஒலித்தாலும் அது நிலத்தில் நிற்கும் வானொலி நிலையம். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதே அதன் பணி. அது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில், அதாவது ஏறத்தாழ 18 கிலோ ஹெர்ட்சு அளவில், ஒலிபரப்புகிறது. நாம் கேட்கும் பண்பலை வானொலி இதைப்போல் ஐயாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் இயங்குகிறது.

ஏன் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்? கடல்நீர் உப்புக் கரைசல் ஆதலின் மின்சாரத்தைக் கடத்துகிறது. கடத்தியினுள் நுழையும் மின்காந்த அலை விரைவில் தேய்ந்துவிடும். 10 மெகா ஹெர்ட்சு அலை கடல்நீரில் 8 சென்டிமீட்டர் சென்றதுமே அதன் வீச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். அடுத்த 8 சென்டிமீட்டரில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. 18 கிலோ ஹெர்ட்சு அலைக்கு இதே தேய்வு ஏற்பட ஏறத்தாழ 1.9 மீட்டர் ஆழம் வேண்டும். அதாவது அதிர்வெண் நூறில் ஒரு பங்கானால் அலை பத்து மடங்கு ஆழம் செல்லும். ஆகவே சில மீட்டர்கள் முதல் பத்திருபது மீட்டர் ஆழம் வரை, வலிமை மிக்க நிலையத்தின் செய்தி நீர்மூழ்கியின் அலைவாங்கியை எட்டுகிறது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. அதிர்வெண் தாழத் தாழ, நொடிக்கு அனுப்பக்கூடிய செய்தியின் அளவும் சுருங்குகிறது. இவ்வழியே படமும் பேச்சும் அனுப்ப இயலாது. சுருக்கமான எழுத்துச் செய்தி மட்டும் மெதுவாகச் செல்லும். 18 கிலோ ஹெர்ட்சு அலையின் நீளமோ ஏறத்தாழ 16.7 கிலோமீட்டர். இதற்கேற்ற ஒலிபரப்புக் கம்பத்தை நீர்மூழ்கியில் வைக்க முடியாது. ஆகவே நீர்மூழ்கி அங்கே கேட்கலாம், மறுமொழி சொல்ல முடியாது. மறுமொழி சொல்ல மேலே வந்தால் அது இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும்.

இதை வலையமைப்பின் மொழியில் எண்ணிப் பாருங்கள். மறுமொழி தராத முனை பழுதான முனை என்றே கணிப்பொறி வலையமைப்பு கருதும். நீர்மூழ்கிக்கோ மௌனமே காவல். எப்போது பேசுவது என்பதைப் போலவே எப்போது பேசாதிருப்பது என்பதும் செய்தித் தொடர்புக் கலையின் பகுதி. எல்லோரும் எப்போதும் இணைந்திருப்பார்கள் என்ற கற்பனையில் இந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

மூன்றாங்குறை: பகைவன்

வால்மார்ட் அங்காடியின் கணிப்பொறியைக் குண்டு வைத்துத் தகர்க்க எதிர்க்கடைக்காரர் வருவதில்லை. போரிலோ வலையமைப்பே முதல் இலக்கு. வணிகத்தைப் போருக்கு உவமையாக்கியதன் பெருங்குறை இது.

1948இல் கிளாடு ஷானன் நிறுவிய சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு வழியில் நொடிக்கு எவ்வளவு செய்தி பிழையின்றிச் செல்லலாம் என்பது, அலைவரிசையின் அகலத்தையும், சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது. சைகை இரைச்சலைவிட ஆயிரம் மடங்கு வலிமையாக இருந்தால் ஓர் அளவு செய்தி செல்லும். பகைவன் வேண்டுமென்றே இரைச்சலைப் பெருக்கி இரண்டையும் சமமாக்கிவிட்டால், அதில் பத்தில் ஒரு பங்குதான் செல்லும். இரைச்சல் சைகையைப்போல் ஆயிரம் மடங்கானால் ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். விலையுயர்ந்த வலையமைப்பு அப்போது பெயரளவில்தான் இருக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலைப்பொழுதில், கேஏ-சாட் என்னும் செயற்கைக்கோளின் தரைக்கருவிகள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. செயற்கைக்கோளை எவரும் தொடவில்லை. வலையமைப்பின் வழியாகவே நச்சு ஆணை அனுப்பி, வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த மோடம்களின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். ஜெர்மனியில் ஏறத்தாழ 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் அதனால் நின்றது. போருக்குத் தொடர்பில்லாத காற்றாலை எப்படிப் பாதிக்கப்பட்டது? இரண்டும் ஒரே வலையில் இருந்தன என்பதே விடை. இணைப்பின் பயன் பெருகும் வேகத்திலேயே இணைப்பின் ஆபத்தும் பெருகுகிறது. மெட்காஃப் விதியின் மறுபக்கத்தைக் கட்டுரை போதிய அளவு எழுதவில்லை.

அதே போரில் இன்னொரு விந்தையும் நிகழ்ந்தது. ஆளில்லாச் சிறு விமானங்களின் வானொலித் தொடர்பை இரு தரப்பும் இரைச்சலால் முடக்கவே, 2024 முதல் மெல்லிய ஒளியிழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் விமானங்கள் களத்தில் பெருகின. கம்பியை ஒழித்துவிட்டோம் என்று மகிழ்ந்த காலத்தில், நூல் கட்டிய பட்டம்போலக் கம்பி மீண்டும் வந்து நிற்கிறது. பழைய கம்பியாளரின் அறிவு பழங்கதையாகிவிட்டது என்று இனி எவர் சொல்வார்?

பகைவன் நம் வீரரின் மணிக்கட்டிலும் இருக்கலாம். 'ஸ்ட்ராவா' என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பயனாளர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் உலகப் படமொன்றை வெளியிட்டது. பாலைவனத்தின் நடுவே ஒளிவிட்ட சில கோடுகள் படைமுகாம்களைக் காட்டிக்கொடுப்பதை 2018 ஜனவரியில் பலர் கண்டறிந்தனர். வீரர்கள் எவரும் இரகசியத்தைச் சொல்லவில்லை. அவர்கள் ஓடினார்கள், கைக்கருவி பேசியது. இன்றைய செய்தித் தொடர்பு வீரர் செய்தியை அனுப்புவதோடு, அனுப்பக் கூடாத செய்தி கசியாமலும் காக்க வேண்டியவராகிறார். நம் நாட்டில் 2019இல் செயற்படத் தொடங்கிய பாதுகாப்புத்துறைச் சைபர் முகமையும் இந்தத் தேவையால் பிறந்ததே.

நான்காங்குறை: கேட்பவர்

இதுவரை கூறிய மூன்றும் தொழில்நுட்பக் குறைகள். அடுத்தது அவற்றினும் பெரிது. அதற்குக் காரைக்கால் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சுரக்குடியைச் சேர்ந்தவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 காலை 6 மணி 29 நிமிடத்திற்குச் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்தது. கார் நிக்கோபார் தீவில் நம் விமானப்படைத் தளம் இருக்கிறது. அன்றைய விமானப்படைத் தலைமைத் தளபதி எஸ். கிருஷ்ணசாமி அடுத்த சில நாட்களில் செய்தியாளர்களிடம் கூறியது இது: ஏழரை மணி அளவில் நிலநடுக்கச் செய்தி கிடைத்தது. வழக்கமான தொடர்புகள் அறுந்துபோயின. 7 மணி 50 நிமிடத்திற்குச் சென்னைத் தளம் உயர் அதிர்வெண் வானொலிக் கருவி மூலம் தீவைத் தொடர்பு கொண்டது. தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்பதே அங்கிருந்து வந்த கடைசிச் செய்தி. 8 மணி 15 நிமிடத்திற்குப் பாதுகாப்பு அமைச்சகத்தை எச்சரிக்குமாறு அவர் பணித்தார்.

இங்கே இரண்டு விரைவுகளை ஒப்பிடுங்கள். கார் நிக்கோபாரிலிருந்து காரைக்கால் ஏறத்தாழ 1,430 கிலோமீட்டர். ஆழிப்பேரலையின் வேகம், கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். 3,500 மீட்டர் ஆழத்திற்கு அது நொடிக்கு 185 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 670 கிலோமீட்டர். அத்தூரத்தைக் கடக்க அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். வானொலி அலைக்கு வேண்டியதோ நொடியில் இருநூறில் ஒரு பங்கு. இயற்கை நமக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தது. கருவியும் தன் பங்கைச் செய்தது. செயற்கைக்கோளும் கம்பியும் கைவிட்டபோது அயனி மண்டலத்தில் எதிரொளித்துச் செல்லும் பழைய வானொலியும், அதைக் கையாளத் தெரிந்தவரும் கைகொடுத்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோரை இழந்த ஒரு தளத்திலிருந்து அச்செய்தி வந்தது என்பதை எண்ணினால் அந்த வீரர்களை வணங்கத்தான் தோன்றும்.

ஆனால் ஒன்பது மணியை ஒட்டி அலை கரையேறியபோது பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் எவருக்கும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை. சிறுவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். காரைக்கால் பகுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அன்று தலைநகரில் வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் ஒன்று, பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் முகவரிக்குச் சென்றது என்று பின்னர் செய்தித்தாள்கள் எழுதின.

கணக்காகப் பார்த்தால் மொத்தத் தாமதம் ஒரு கூட்டுத்தொகை. கருவியில் செல்லும் நேரம், படித்துப் பொருள் உணரும் நேரம், யாரிடம் சொல்வது என்று தேடும் நேரம், மேலிடம் முடிவெடுக்கும் நேரம், கடைசி மனிதனின் காதில் விழும் நேரம் எல்லாம் சேர்ந்ததே அது. வலையமைப்பு முதல் உறுப்பைக் குறைக்கிறது. அன்று முதல் உறுப்பு மில்லி நொடிகள், மற்றவை மணிக்கணக்கு. கூட்டலில் மிகச் சிறிய எண்ணை இன்னும் சிறிதாக்கினால் விடை மாறாது என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு.

அதே காலையில், அதே புதுவை ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில் நடந்ததையும் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்தியிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரார் உடனே எச்சரிக்கை செய்தனர். மக்கள் ஓடித் தப்பினர். வீடுகள் பல போயின. அவ்வூரில் உயிர் ஒன்றும் போகவில்லை என்று பதிவாகியுள்ளது. ஒரு சாதாரணத் தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒரு மனிதர். மெட்காஃப் விதியின் கணக்கில் இது மிகச் சிறிய வலையமைப்பு. பயனின் கணக்கில் அன்று கடற்கரையிலேயே மிகப் பெரியது.

செப்ரௌஸ்கி, கார்ஸ்ட்கா கட்டுரையின் அடிப்படைக் குறையை இங்கேதான் காண்கிறேன். செய்தி சேர வேண்டியவர் எப்போதும் வலைக்குள்ளேயே இருப்பார் என்று அவர்கள் கொள்கிறார்கள். அங்காடியின் சரக்கு அனுப்புநர் வலைக்குள் இருக்கிறார். கட்டுமரத்துக்காரர் இருக்கவில்லை. அமைப்பும் மாற வேண்டும் என்று அவர்கள் சொன்னது மெய்தான். ஆனால் அவர்கள் கருதிய அமைப்பு படையின் வேலிக்குள் முடிந்துவிடுகிறது.

பின்னர் நிலைமை சீர்பட்டது. ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திரா அருகே 8.6 அளவில் கடல்நிலம் அதிர்ந்தபோது சில நிமிடங்களில் அறிவிப்பு வெளிவந்தது. கடற்கரை மக்கள் வெளியேறினர். அன்று பேரலை வரவில்லை. ஆனால் செய்தி வந்து சேர்ந்தது. இந்த முன்னேற்றத்திற்குக் கடலடி உணர்கருவிகள் எவ்வளவு காரணமோ, யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்து ஒத்திகை பார்த்ததும் அவ்வளவு காரணம்.

எனவே அவர் வேலை என்னவாகிறது?

'எம்டன்' என்ற சொல்லைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட அந்த ஜெர்மானியக் கப்பல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க வந்தது. அது தன் உருவை மறைக்கப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்தியிருந்தது. நிலையத்தார் அதைக் கண்டு ஐயுற்றனர். எம்டன் வானொலியில் இரைச்சல் எழுப்பித் தடுக்க முயன்றது. ஆயினும் துறைமுக வாயிலில் அன்னியக் கப்பல் என்ற செய்தியை அவர்கள் அனுப்பிவிட்டனர். அருகில் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதைக் கேட்டு விரைந்தது. எம்டனின் கதை அன்றே முடிந்தது.

அந்தத் தந்தியாளரின் வேலையைப் பகுத்துப் பாருங்கள். விசையைத் தட்டியது ஒரு பகுதி. அதை இன்று எந்திரம் செய்யும். கப்பலில் ஏதோ பொருந்தவில்லை என்று உணர்ந்தது இன்னொரு பகுதி. எவருடைய ஆணைக்கும் காத்திராமல் உடனே சொல்லத் துணிந்தது மூன்றாவது. இந்த இரண்டையும் வலையமைப்பு செய்யாது. வலையமைப்பு வளர வளர இவற்றின் தேவை கூடுகிறது. ஏனெனில் செய்தி பெருகப் பெருக, பொருந்தாத ஒன்று அதில் மறைந்துகொள்வதும் எளிதாகிறது.

நம் செய்தித் தொடர்புப் பிரிவின் குறிக்கோள் வாசகம் 'தீவ்ர சௌகஸ்' என்பது. விரைவு, விழிப்பு என்று பொருள் கொள்ளலாம். கட்டுரையாசிரியர்கள் விரைவைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறார்கள். விழிப்பைப் பற்றி எழுத வேண்டியதில் பாதியை எழுதவில்லை. 'வலையமைப்பு முழுமையாக அறுந்தபின் என்ன செய்வாய்?' என்ற கேள்வியை ஒவ்வொரு பயிற்சியிலும் கேட்க வேண்டும். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகமே, 1990களின் இறுதியில் கைவிட்ட விண்மீன் வழிகாட்டுக் கலையை 2015இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழிகாட்டியை ஒரு நாள் இழக்கக்கூடும் என்ற எண்ணமே காரணம்.

மாணவர்களே, படையிலோ வெளியிலோ இத்துறைக்குச் செல்ல விரும்புவோர் கணிப்பொறி வலையமைப்பையும் மறைகுறியியலையும் கட்டாயம் கற்க வேண்டும். அத்துடன் அலைகளின் இயற்பியலை விட்டுவிடாதீர்கள். உங்கள் பாடநூலில் உள்ள அயனி மண்டல எதிரொளிப்பு, கடத்தியில் அலை தேய்தல் ஆகியவை மதிப்பெண்ணுக்காக வைத்தவை என்று எண்ண வேண்டாம். எல்லாத் திரைகளும் இருண்ட நாளில் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரிந்தவரே அந்த அறையில் உள்ள ஒரே செய்தித் தொடர்பாளர். இவற்றோடு, வலைக்கு வெளியே நிற்பவர் யார், அவருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்கும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.

செப்ரௌஸ்கி, கார்ஸ்ட்கா கட்டுரையைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் படியுங்கள். படிக்கும்போது ஓரத்தில் ஒரு பென்சில் இருக்கட்டும். இணைப்பு என்ற சொல் வருமிடமெல்லாம், எதன் வழியாக, யார் தடுத்தால் என்னவாகும், மறுமுனையில் யார் என்று மூன்று வினாக்களை எழுதி வையுங்கள். நம் கடற்கரை ஊர் எதையாவது ஒரு தாளில் வரைந்து, ஐதராபாத்தில் ஒலிக்கும் எச்சரிக்கை அவ்வூரின் கடைசி வீட்டை எத்தனை கைகள் மாறிச் சேரும் என்றும் எண்ணிப் பாருங்கள். எந்தக் கை தடுமாறும் என்று அப்போது தெரியும். அதைச் சரிசெய்ய வேண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள்.